திடல் வாடகை: எவ்வளவு என்பது கடைசிக் கேள்வி

(மரக்காணம் ஒன்றியம் அனுமந்தையில், தொடக்க, நடுநிலை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆசிரியர்கள் கூடியிருக்கும் இடத்தில் திடல் வாடகையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். அது ஊராட்சியின் வேலை, நமக்கு வகுப்பறை போதும் என்று நினைப்பதும் இயல்புதான். ஆனால் நம் பள்ளிகளில் பலவற்றுக்கு ஊர்த் திடல்தான் மைதானம். மாலை மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடுவது அங்கேதான். அந்தத் திடலை யாருக்கு, எந்த நாளில், என்ன தொகைக்குக் கொடுப்பது என்று பெரியவர்கள் பேசி முடிக்கும்போது பிள்ளைகள் அந்த இடத்தில் இருப்பதில்லை. அவர்கள் சார்பில் பேசக்கூடியவர்கள் நாம்.

அனுமந்தை என்று ஊர்ப்பெயரைச் சொல்லும்போதே மந்தை என்ற ஓசை காதில் விழுகிறது. மந்தை என்றால் ஊரார் எல்லாரும் கூடும் வெளி. ஆடுமாடு நிற்கும், கூத்து நடக்கும், மல்லாட்டை காயும், பிள்ளைகள் விளையாடும். அதற்கெல்லாம் யாரும் வாடகை கேட்டதில்லை. இன்று நிலைமை வேறு. கிழக்குக் கடற்கரைச் சாலை நம் ஊர் வழியே போகிறது. சாலைக்குப் பக்கத்தில் சமதரையாக ஓர் ஏக்கர் கிடந்தால் அதைக் கேட்டு வருபவர்கள் பலர். ஒருவர் பரிசுத்தொகை வைத்துக் கிரிக்கெட் போட்டி நடத்தக் கேட்பார். இன்னொருவர் பொருட்காட்சிக்கு, வேறொருவர் திருமண வண்டிகளை நிறுத்த, மற்றொருவர் படப்பிடிப்புக்கு. கேட்டவுடன் ஊரில் எழும் முதல் கேள்வி, “எவ்வளவு தருவீர்கள்?” என்பது. அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பதே நான் சொல்ல வந்தது. அதற்கு முன் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அவற்றுக்கு விடை எழுதிவிட்டால் வாடகைத் தொகை தானாகவே கணக்கில் வந்து நிற்கும்.

முதல் கேள்வி: திடல் யாருடையது?

ஊரில் எல்லாரும் “பஞ்சாயத்து கிரவுண்டு” என்று சொல்லும் இடம், பதிவேட்டில் வேறாக இருக்கலாம். மேய்ச்சல் புறம்போக்காக இருக்கலாம், மந்தைவெளியாக இருக்கலாம், கோயில் நிலமாக இருக்கலாம், பள்ளிக்கு ஒதுக்கிய இடமாகவும் இருக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டில் புல எண்ணைப் பார்த்து, புலப்படத்தில் எல்லையையும் பார்த்துவிட வேண்டும். வாடகைக்கு விடும் உரிமை யாருக்கு, எந்த அளவுக்கு என்பது இதைப் பொறுத்தது.

பள்ளிக்குரிய இடமாக இருந்தால் பேச்சு வேறு. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு இருக்க வேண்டியவற்றின் பட்டியலில் விளையாட்டு மைதானத்தையும் சேர்த்திருக்கிறது. வகுப்பறையைப் போல அதுவும் பள்ளியின் ஒரு பகுதி. அதை ஒருநாள் கொடுப்பதானாலும் மேலதிகாரியின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். “சார், நம்ம பசங்கதான், வாய்வார்த்தை போதும்” என்பதற்குத் தலைமையாசிரியர் இணங்கக்கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவிலும் அதை வைக்க வேண்டும். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். சட்டமே அப்படிச் சொல்கிறது. அவர்களுக்குத் தெரியாமல் மைதானம் கைமாறக்கூடாது.

பொதுநிலம் பற்றி உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை நாம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991-இல் நீதிமன்றம் செல்லாது என்றது. மருத்துவமனை நல்ல காரியம்தான். ஆனாலும் பூங்கா பூங்காவாகவே இருக்க வேண்டும் என்றது. பஞ்சாப் கிராமம் ஒன்றின் குளத்து நிலம் தொடர்பான ஜக்பால் சிங் வழக்கில், 2011 ஜனவரி 28 அன்று, ஊரின் பொதுநிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றி ஊராருக்கே திருப்பித் தரத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஒருநாள் வாடகை ஆக்கிரமிப்பு ஆகாது. ஆனால் ஒருநாள் ஒரு மாதமாகி, பந்தல் கொட்டகையாகி, கொட்டகைக்குப் பூட்டு வந்தால் அது வேறு. ஆகவே நீண்டகாலக் குத்தகை வேண்டாம். நாள் கணக்கில் கொடுக்கலாம். நிரந்தரக் கட்டுமானம் கூடாது.

இரண்டாம் கேள்வி: இப்போது யார் பயன்படுத்துகிறார்கள்?

திடல் காலியாகக் கிடக்கிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் நண்பகலில் பார்த்தவர்கள். காலை ஐந்தரைக்குப் போய்ப் பாருங்கள். காவலர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஆறு மணிக்குப் பெண்கள் நடப்பார்கள். மாலையில் சின்னப் பிள்ளைகள் ஒரு மூலையில், கைப்பந்து ஆடும் பெரியவர்கள் இன்னொரு பக்கம். அறுவடைக் காலத்தில் ஓரமாக நெல்லோ மல்லாட்டையோ காயும்.

இதை எழுத்தில் கொண்டுவர எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை விட்டால் போதும். நான்கு வாரம், மணிக்கு ஒரு முறை, திடலில் எத்தனைப் பேர், என்ன வயது, ஆணா பெண்ணா, என்ன செய்கிறார்கள் என்று நேர்கோட்டுக் குறியிட்டு எண்ணட்டும். புள்ளியியல் பாடம் அதிலேயே முடிந்துவிடும். கூடவே திடலை அளக்கட்டும். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். கைப்பந்து ஆடுகளம் 18-க்கு 9 மீட்டர், ஆண்கள் கபடிக்களம் 13-க்கு 10, பெண்கள் கபடிக்களம் 12-க்கு 8, கோ-கோ களம் 27-க்கு 16. இந்த அளவுகளைப் புலப்படத்தின் நகலில் வரைந்தால், ஒரு பக்கம் போட்டி நடந்தாலும் இன்னொரு பக்கம் பிள்ளைகளுக்கு எவ்வளவு இடம் மிச்சம் என்று கண்ணால் காட்டிவிடலாம். வாடகைக்கு விடும்போது முழுத் திடலையும் கொடுக்க வேண்டியதில்லை என்பது அப்போதுதான் பலருக்குப் புரியும்.

அந்தக் கணக்கெடுப்பில் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவாக வந்தால், “அவர்கள் வருவதில்லை, அதனால் அவர்களுக்கு நேரம் ஒதுக்க வேண்டாம்” என்று முடிவு கட்டக்கூடாது. ஏன் வருவதில்லை என்று கேட்க வேண்டும். கழிப்பறை இல்லை, விளக்கு இல்லை, பெரிய பையன்கள் களத்தை விடுவதில்லை என்று விடை வரும். நிபந்தனைகள் எழுதும்போது வாரத்தில் குறிப்பிட்ட மாலைகள் பெண் பிள்ளைகளுக்கே என்று ஒதுக்குங்கள்.

இதன் முடிவில் நமக்கு ஓர் அட்டவணை கிடைக்கும். எந்த நாளிலும், எந்த விலைக்கும் கொடுக்கக்கூடாத நேரங்கள் அதில் இருக்கும். பள்ளி நாட்களின் மாலை வேளை அதில் முதலாவது. தேர்வுக் காலம் அடுத்தது. வாடகை பேசுவதற்கு முன்பே இந்த அட்டவணை ஊராட்சியின் அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும்.

நம் பகுதிக்கென்று ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். இங்கே பல குடும்பங்களுக்கு உப்பளம்தான் வருமானம். மழை பிடித்துக்கொண்டால் பாத்திகளில் தண்ணீர் நின்று உப்பு எடுக்க முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூலி இருக்காது. அந்த மாதங்களில் பிள்ளையின் கையில் பத்து ரூபாய் கொடுத்தனுப்புவதும் பெற்றோருக்குச் சுமை. கடலுக்குப் போகும் குடும்பங்களுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இரண்டையும் சேர்த்தால் ஆண்டில் ஏறக்குறைய ஐந்து மாதம். விளையாட வரும் பிள்ளையிடம் நுழைவுக் கட்டணம் என்று எந்தத் திட்டம் வந்தாலும், இந்த ஐந்து மாதமும் யார் வெளியே நிற்பார்கள் என்று கேளுங்கள்.

சென்னையில் நடந்தது

இதற்குச் சமீபத்திய எடுத்துக்காட்டு சென்னை மாநகராட்சியில் இருக்கிறது. 2024 அக்டோபர் இறுதியில், மாநகராட்சியின் ஒன்பது செயற்கைப் புல்தரைக் கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்புக்கு விடவும், விளையாடுபவர் ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வரை வசூலிக்கவும் தீர்மானம் வந்தது. பராமரிக்கப் பணம் வேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணம். அந்தக் காரணம் பொய்யல்ல. செயற்கைப் புல்தரையைப் பராமரிக்கச் செலவு பிடிக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பையன் மாதத்தில் 20 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் ஆடினால் 2,400 ரூபாய். கால்பந்தையே மூச்சாகக் கொண்ட வடசென்னைத் தெருக்களில் எத்தனை வீடுகள் அதைக் கொடுக்கும்? எதிர்ப்பு எழுந்தது, ஓரிரு நாளில் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, தலைக்கு இவ்வளவு என்று வசூலித்தால் அது அன்றாடம் ஆடும் ஏழைப் பிள்ளையின் மேல்தான் அதிகம் விழும். ஆண்டுக்கு ஒருமுறை வந்து திடலையே பெயர்த்துவிட்டுப் போகும் நிகழ்ச்சியின் மேல் குறைவாக விழும். சுமை தலைகீழாகிவிடுகிறது. இரண்டாவது, தீர்மானம் திரும்பிவிட்டது. பராமரிப்புச் செலவு திரும்பவில்லை. “வாடகையே வேண்டாம்” என்று சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குப் போனால், முள் முளைத்து, கம்பம் துருப்பிடித்து, திடல் தானாகவே கைவிட்டுப் போகும். ஆகவே மூன்றாம் கேள்விக்கு வருவோம்.

மூன்றாம் கேள்வி: திடலைக் காக்க என்ன செலவாகும்?

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மண் கொட்டிச் சமப்படுத்த ஆண்டுக்கு 15,000 ரூபாய். கோடு, கம்பம், வலைக்கு 12,000. தண்ணீருக்கும் விளக்குக்கும் 9,000. கழிப்பறை, குப்பை அகற்ற 12,000. எதிர்பாராத பழுதுக்கு 12,000. மொத்தம் 60,000. ஊராட்சி 24,000 போடுகிறது என்றால் துண்டு விழுவது 36,000. வாடகை இந்தத் துண்டை அடைத்தால் போதும்.

ஆண்டில் 30 நாள் மட்டும் கொடுப்பது என்று வைத்தால், சராசரியாக நாளுக்கு 1,200 ரூபாய். ஆனால் எல்லாரிடமும் ஒரே தொகை வாங்குவது நியாயமில்லை. 20 நாள் உள்ளூர் அணிகளின் போட்டிகள், நாளுக்கு 600 வீதம் 12,000. 10 நாள் வணிக நிகழ்ச்சிகள், நாளுக்கு 2,400 வீதம் 24,000. கூட்டினால் 36,000. பிள்ளைகளிடம் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. உங்கள் ஊர்க் கணக்கு வேறாக வரும்; தொகைகளை மாற்றிக்கொள்ளுங்கள். ஏழாம் வகுப்புக்கு இதைவிட நல்ல வாழ்க்கைக் கணக்கு கிடைக்காது.

இப்படி மூன்று படி வைக்கலாம். பள்ளி, பிள்ளைகள், அன்றாடம் ஆடுபவர்கள், தானியம் உலர்த்துபவர்கள், புயல் வெள்ளத்தில் ஒதுங்குபவர்கள் ஆகியோருக்கு இலவசம். நுழைவுக் கட்டணம் இல்லாமல் உள்ளூர் அணிகள் நடத்தும் போட்டிகளுக்குப் பராமரிப்புக்கு வேண்டிய தொகை மட்டும். நுழைவுச் சீட்டு, விளம்பரத் தட்டி, கடை, வண்டி நிறுத்தக் கட்டணம் என்று யாராவது சம்பாதிக்கும் நிகழ்ச்சிக்கு முழுத் தொகை. எந்தப் படியில் வருகிறது என்பதை, கேட்பவரின் செல்வாக்கு முடிவு செய்யக்கூடாது; பணம் வசூலாகிறதா இல்லையா என்பது முடிவு செய்யட்டும்.

வாடகை வேறு, முன்வைப்புத் தொகை வேறு. திடல் பழையபடி திரும்பி வந்தால் முன்வைப்பு முழுதாகத் திரும்ப வேண்டும். நம் கடலோர மண் மணற்பாங்கானது, உப்பும் உண்டு. புல் ஒருமுறை போனால் மீண்டு வர நாளாகும். ஈரத்தில் கனரக வண்டி ஏறினால் தடம் அப்படியே இறுகிவிடும். பந்தல் கால் குழி மூடாமல் கிடந்தால் பிள்ளையின் கணுக்கால் போகும். கொடுப்பதற்கு முன் நான்கு மூலையிலிருந்தும் புகைப்படம், முடிந்த மறுநாள் அதே இடங்களிலிருந்து புகைப்படம். இரு தரப்பும் கையெழுத்திட்டால் பிறகு வாய்ச்சண்டை இல்லை.

எத்தனை நாள் கொடுக்கலாம் என்பதற்கும் எல்லை வேண்டும். மும்பை சிவாஜி பூங்காவில் விளையாட்டு அல்லாத நிகழ்ச்சிகளுக்கு ஆண்டில் 45 நாள் என்று வரையறை உண்டு. அவ்வளவு பெரிய நகரத்தில், அவ்வளவு அரசியல் நெருக்கடியிலும், ஓர் எண்ணை எழுதிவைத்திருப்பதால்தான் வழக்காடவாவது முடிகிறது. எண் இல்லாத இடத்தில் ஒவ்வொரு முறையும் தயவைத்தான் கேட்க வேண்டும்.

யார் கையெழுத்து, யார் கணக்கு

உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சமூக அறிவியல் பாடத்தில் நாம் நடத்துகிறோம். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தது. ஆயிரத்து நூறு ஆண்டு பழையது. குடவோலை முறையைச் சொல்லிவிட்டு நாம் பெரும்பாலும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். அதில் இன்னொரு விதி இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி குடவோலைக்கு வர முடியாது. பொதுச்சொத்தைப் பார்த்துக்கொள்பவர் கணக்குக் காட்ட வேண்டும் என்பது நமக்கு வெளியூர்ச் சரக்கு அல்ல.

அமெரிக்க அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம், 1990-இல் வெளியிட்ட நூலில் சுவிட்சர்லாந்தின் மேய்ச்சல் நிலங்கள், ஸ்பெயினின் பாசனக் கால்வாய்கள், ஜப்பானின் ஊர்க் காடுகள் போன்ற பொதுவளங்கள் நூற்றாண்டுகளாக அழியாமல் இருப்பது எப்படி என்று ஆராய்ந்தார். 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். அவர் கண்டவற்றில் நமக்கு வேண்டியவை சில: எல்லை தெளிவாக இருக்க வேண்டும். பயன்படுத்துபவர்களே விதி வகுப்பதில் பங்கு பெற வேண்டும். கண்காணிப்பவர் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். தவறு செய்தவருக்குத் தண்டனை சிறியதில் தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டும். சச்சரவைத் தீர்க்க அருகிலேயே இடம் வேண்டும்.

இதில் நம் ஊர்களுக்கே உரிய சிக்கல் இரண்டைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, இளைஞர் மன்றம். சீமைக்கருவேலத்தை வெட்டி, மேடுபள்ளம் நிரவி, சொந்தக் காசில் கம்பம் நட்டவர்கள் பல இடங்களில் அவர்கள்தான். “எங்கள் திடல்” என்று அவர்கள் சொல்வதில் உழைப்பின் உரிமை இருக்கிறது. அதை மதித்து, போட்டி நாட்களுக்கு முன்பதிவில் அவர்களுக்கு முதல் வாய்ப்பு தரலாம். குழுவில் இடம் தரலாம். ஆனால் வாடகை வாங்கும் கையும் அனுமதி கொடுக்கும் கையும் ஊராட்சியுடையதாகவே இருக்க வேண்டும்.

மற்றொன்று, ஊர்ப் பகுதி, காலனிப் பகுதி, குப்பம் என்று பிரிந்திருப்பது. எழுதாத நிபந்தனை எப்போதும் ஒரு பக்கம் சாயும். ஒரு தரப்பு அணிக்குத் திடல் கேட்டவுடன் கிடைக்கும். இன்னொரு தரப்புக்கு “அன்றைக்கு வேறு நிகழ்ச்சி” என்று பதில் வரும். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்காரும் பிள்ளைகள், மாலையில் திடலின் ஓரத்தில் நின்று பார்க்கும் நிலையை நாம் அறிவோம். எல்லாரும் பார்க்கும்படி ஒரு முன்பதிவுப் பதிவேடு, விண்ணப்பித்த வரிசையில் ஒதுக்கீடு, எல்லாப் பகுதிக்கும் ஒரே தொகை, மறுத்தால் எழுத்தில் காரணம். இந்த நான்கும் இருந்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். தொகை அதிகமா குறைவா என்பதைவிட இதுதான் நியாயத்தின் முதல் சோதனை என்று நான் கருதுகிறேன்.

ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம்

பேசியதை எல்லாம் சுருக்கிப் பத்து வரியாகப் படிக்கிறேன். உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1. பள்ளி நாட்களின் மாலை, தேர்வுக் காலம், பெண் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய நேரம் ஆகியவற்றில் திடல் யாருக்கும் வாடகைக்கு இல்லை.
2. விளையாட வரும் யாரிடமும் தலைக்கட்டணம் இல்லை.
3. வாடகை மூன்று படி. தொகை அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கும்.
4. ஆண்டுக்கு இத்தனை நாள், தொடர்ந்து இத்தனை நாள் என்ற எல்லையைத் தாண்டக்கூடாது.
5. முன்பதிவு பதிவேட்டின் வரிசைப்படி. எல்லாப் பகுதிக்கும் ஒரே விதி.
6. முன்வைப்புத் தொகை உண்டு. முன்பின் புகைப்படம் பார்த்துத் திருப்பித் தரப்படும்.
7. கனரக வண்டி, ஆணியடித்த நிரந்தரக் கட்டுமானம், கண்ணாடிப் புட்டி, மது கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. 2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகளும் அதையே சொல்கின்றன.
8. தண்ணீர், கழிப்பறை, முதலுதவி, குப்பை அகற்றல் ஆகியவை வாடகைக்கு எடுப்பவர் பொறுப்பு.
9. புயல், கனமழை எச்சரிக்கை வந்தால் அனுமதி தானாக ரத்தாகும். பணம் முழுதும் திரும்பும். தானே புயலையும் ஃபெஞ்சல் புயலையும் பார்த்த கரைக்கு இந்த வரி கட்டாயம்.
10. பணம் ஊராட்சிக் கணக்கில் மட்டும், ரசீதுடன். வரவு செலவு கிராம சபையில் படிக்கப்படும். நிபந்தனைகள் ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படும்.

கிராம சபை ஆண்டில் ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் தேதிக்கு முன் பிள்ளைகளின் கணக்கெடுப்பும், திடலின் வரைபடமும், இந்த ஒரு பக்கமும் தயாராக இருந்தால், பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் அதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். நாம் பேச வேண்டும் என்றுகூட இல்லை. அவர்கள் கையில் எண்களைக் கொடுத்தால் போதும்.

இந்த வாரம் செய்யக்கூடியது ஒன்றே. திங்கட்கிழமை மாலை பள்ளி விட்டதும் ஒரு அளவுநாடாவையும் நான்கு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு திடலுக்குப் போங்கள். அளக்கத் தொடங்கும்போதே ஊரில் நாலு பேர் வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார்கள். பேச்சை அங்கேயே தொடங்கிவிடலாம்.